பழைய எம்ஜிபிக்கு 123 டிஸ்ட்ரிபியூட்டர்: ஒன்றரை வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், விலை அதிகம். டச்சுக்காரர்கள் செய்யும் 123 இக்னிஷன் டிஸ்ட்ரிபியூட்டர் (பெட்ரோல் எஞ்சினின் பிளக்குகளுக்குப் பொறியை முறைவைத்துப் பங்கிடும் சாமான்) ஒன்று கூரியர், சுங்கம், 15 சதவீத வாட் எல்லாம் சேர்ந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனில் என் கைக்கு வந்தபோது எட்டாயிரம் ராண்டைத் தாண்டியிருந்தது. வீட்டில் கேட்டதற்கு "காருக்கு ஒரு சாமான்" என்று மட்டும் சொன்னேன், தொகையைச் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. ஒன்றரை வருடத்தில் ஏறக்குறைய 9000 கிலோமீட்டர் ஓட்டியாயிற்று, இக்னிஷன் காரணமாக வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஆனால் எல்லாரும் ஓடிப்போய் வாங்குங்கள் என்று சொல்ல வரவில்லை. என் வண்டிக்கு வந்திருந்த வியாதிக்கு இது மருந்தே இல்லை, அது வாங்குவதற்கு முன்பே எனக்குத் தெரியும், தெரிந்துதான் வாங்கினேன். அந்தக் கதையைச் சொல்லாமல் இந்தச் சாமானை நல்லது கெட்டது என்று எழுதினால் படிப்பவர்கள் ஏமாந்துபோவார்கள்.

வண்டி 1971ஆம் வருட எம்ஜிபி, எம்ஜி கம்பெனியின் துணிக்கூரை ரோட்ஸ்டர். இங்கிலாந்தில் அபிங்டன் என்ற ஊரில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளிய கார், அதனால் பாகம் கிடைப்பதில் கஷ்டமில்லை, இன்றைக்கும் புதிதாகச் செய்து விற்கிறார்கள் (பாதி வம்பு அங்கேதான், பிறகு சொல்கிறேன்). 1798 சிசி எஞ்சின், இரட்டை எஸ்யூ கார்புரேட்டர், சீட்டுக்குப் பின்னால் தரைக்கடியில் ஒளித்துவைத்த இரண்டு 6 வோல்ட் பேட்டரி. மதுரையில் பெரியப்பாவின் அம்பாசிடர் பானெட்டுக்குள் தலையை விட்டு வளர்ந்தவன் நான். பெட்ரோல் அம்பாசிடரில் வெகுகாலம் ஓடிய 1489 சிசி எஞ்சினும் இதுவும் ஒரே குடும்பம், பிஎம்சி என்ற பிரிட்டிஷ் கார்க் கம்பெனியின் பி-சீரீஸ். அதனால் டர்பனை ஒட்டிய பைன்டவுனில் முதல் தடவை இந்த வண்டியின் பானெட்டைத் தூக்கியபோது, ஊர்விட்டு ஊர் வந்து சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது. மயங்கிவிட்டேன். பேரம்கூடச் சரியாகப் பேசவில்லை.

வாங்கி மூன்று மாதத்தில் ஆரம்பித்தது. காலையில் நன்றாக ஸ்டார்ட் ஆகும், பத்து கிலோமீட்டர் போகும், பிறகு மிஸ் அடிக்கும், பிக்அப் போகும், ரோபோவில் நின்றால் அணைந்துவிடும். (இங்கே சிக்னலுக்கு ரோபோ என்றுதான் பெயர். ஊரிலிருந்து வரும் உறவினர்கள் "அடுத்த ரோபோவில் இடது பக்கம் திரும்புங்க" என்று சொன்னதும் சுற்றுமுற்றும் இயந்திர மனிதனைத் தேடுவார்கள்.) டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால் பாயிண்ட் (மின்சாரத்தை விட்டுவிட்டு வெட்டும் சின்ன ஸ்விட்ச்) கருகியிருக்கும், ஒரு பக்கம் குழி, ஒரு பக்கம் மேடு. அரம் போட்டுத் தேய்த்து, 0.015 அங்குல இடைவெளி வைத்து மூடினால் மறுபடி ஓடும். 1500 கிலோமீட்டர் தாண்டாது, திரும்பவும் அதே கதை. பாயிண்ட் மாற்றினேன், கண்டென்சர் மாற்றினேன், ரோட்டார் மாற்றினேன். ஒரு வருடத்தில் நாலு செட் பாயிண்ட்.

உச்சகட்டம் ஒரு காவடியன்று நடந்தது. உம்கெனி ரோடு கோயிலுக்கு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, கூரையை மடக்கிவிட்டு, மாப்பிள்ளை மாதிரி கிளம்பினேன். கோயிலுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் ரோபோவில் வண்டி செத்தது. பின்னால் மினிபஸ் டாக்ஸிகள், அவர்கள் ஹாரன் அடிப்பதைப் பற்றி டர்பன்வாசிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கடைசியில் அதே டாக்ஸிக்காரர்கள் இரண்டு பேர் இறங்கிவந்து சிரித்துக்கொண்டே ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். வேட்டியோடு பானெட்டுக்குள் குனிந்து பாயிண்ட்டைத் தேய்த்தேன். வேட்டியில் விழுந்த கிரீஸ் கறை இன்னும் போகவில்லை. காவடி ஆட்டத்தைப் பார்க்கவில்லை, அன்னதானத்துக்கு மட்டும் சரியாகப் போய்ச் சேர்ந்தேன்.

பாயிண்ட் என்ன செய்கிறது என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இது கெட்டரிங் என்ற அமெரிக்கர் 1910ஐ ஒட்டி உருவாக்கிய ஏற்பாடு, அடிப்படை அப்புறம் அறுபது எழுபது வருடம் மாறவில்லை. பாயிண்ட் மூடியிருக்கும்போது காயில் என்ற கம்பிச்சுருளில் மின்சாரம் ஓடிக் காந்தப்புலம் சேர்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட்டிலிருக்கும் கேம் பாயிண்ட்டைத் திறந்ததும் அந்தப் புலம் சட்டென்று சரிந்து, காயிலின் இன்னொரு சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் கிளம்பி, ரோட்டார் வழியாக எந்த பிளக்கின் முறையோ அதற்குப் போய்ப் பொறியாகிறது. திறக்கும் நொடியில் பாயிண்ட்டிலேயே பொறி பறக்காமல் கண்டென்சர் தாங்கிக்கொள்கிறது. நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் வினாடிக்கு 100 தடவை இது நடக்க வேண்டும். இத்தனையையும் செய்வது இரண்டு சின்ன உலோகப் பொட்டும், கேமை உரசிக்கொண்டே இருக்கும் ஒரு பிளாஸ்டிக் குதிகாலும். குதிகால் தேயத் தேய இடைவெளி குறையும், பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், பொறி விழும் நேரம், அதாவது டைமிங், பின்னால் போகும், வண்டி மந்தமாகும். அன்றாடம் ஓட்டுபவர்களுக்குத் தெரியவே தெரியாது, கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் அதுதான் வண்டியின் குணம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

சரி, இந்தத் தொல்லையே வேண்டாம், எலக்ட்ரானிக் போட்டுவிடலாம் என்று முடிவு செய்து, இணையத்தில் மிக மலிவாகக் கிடைத்த ஒரு மாட்யூலை வாங்கினேன். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, பெட்டியிலேயே பெரிதாகப் பெயர் ஒன்றும் இல்லை. பாயிண்ட் இருந்த இடத்தில் சென்சார், கேம் மேல் மோதிரம் மாதிரி ஒரு காந்த வளையம், இரண்டு வயர், அவ்வளவுதான் வேலை. அரை மணி நேரத்தில் மாட்டினேன். எஞ்சின் பட்டுப் போல ஓடியது. ஐந்து வாரம் நான் போகும் இடமெல்லாம் இதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். ஆறாவது வாரம், எம்13 சாலையில் பைன்டவுனிலிருந்து க்ளூஃப் ஏறும் ஃபீல்ட்ஸ் ஹில்லில், ராத்திரி எட்டு மணிக்கு, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் மொத்தமாக அணைந்தது. பாயிண்ட் சாகும்போது இருமி முனகிச் சாகும், வீட்டுக்குப் போய்ச் சேர அவகாசம் கொடுக்கும். இது ஸ்விட்சை அணைத்த மாதிரி போனது. இந்த நாட்டில் ராத்திரியில், கூரை துணியாக இருக்கும் காரில், மேட்டில் நிற்பது என்றால் என்ன என்று இங்கே இருப்பவர்களுக்குப் புரியும். இழுவை வண்டி வர ஒரு மணி நேரம் ஆனது, அந்த ஒரு மணி நேரமும் தூரத்தில் வரும் ஒவ்வொரு ஹெட்லைட்டையும் எண்ணிக்கொண்டிருந்தேன். நம்பகம் நம்பகம் என்று பழைய கார்க்காரர்கள் புலம்புவது வேறொன்றுக்கும் இல்லை.

அப்புறம்தான் சாட்ஸ்வர்த்திலிருக்கும் ஒரு பெரியவரிடம் போனேன். ப்ராஸ்பெக்டன் டொயோட்டா ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வீட்டுக் கராஜில் பொழுதுபோக்காகப் பழைய வண்டி பார்ப்பவர். இங்கே மூத்தவர் எல்லாரும் அங்கிள்தான், அவரும் அங்கிள். கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் வந்தவராம், இவருடைய தமிழ், பாட்டியிடம் கற்றது, நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய வாசனை அடிக்கும், இடையிடையே ஆங்கிலம் வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் மாட்யூலைப் பற்றிப் பத்து நிமிடம் திட்டித் தீர்த்ததைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு மீட்டரை எடுத்துக் காயிலின் இரண்டு முனையிலும் வைத்தார்.

"தம்பி, இது எவ்வளவு காட்டுது?"

"1.4 ஓம், அங்கிள்."

"உன் காருக்கு மூணு இருக்கணும். இது யாரு போட்டது?"

யார் போட்டது என்று எனக்கு எப்படித் தெரியும், ஐம்பது வருடக் கார், எத்தனை கை மாறியதோ. விஷயம் இதுதான். 1970களின் மத்தியில் ரப்பர் பம்பர் வந்த பிறகு எம்ஜிபியில் பேலஸ்ட் என்று ஒரு தடையைக் காயிலுக்கு முன்னால் வயரிங்கிலேயே சேர்த்துவிட்டார்கள், அந்த வண்டிகளின் காயில் சுமார் 1.5 ஓம், தடையோடு சேர்ந்து கணக்குச் சரியாக வரும். என் 1971 வண்டியில் அந்தத் தடை கிடையாது, முழு 12 வோல்ட்டும் நேரே காயிலுக்கு வரும், அதனால் காயிலே 3 ஓம் இருக்க வேண்டும். யாரோ ஒரு புண்ணியவான், பளபளப்பான காயில் ஒன்றைப் பார்த்து, ஸ்போர்ட்ஸ் என்று எழுதியிருந்ததை நம்பி, ரப்பர் பம்பர் வண்டியின் காயிலை மாட்டியிருக்கிறார். 12ஐ 3ஆல் வகுத்தால் 4 ஆம்பியர். 12ஐ 1.4ஆல் வகுத்தால் எட்டரை. பாயிண்ட் ஏன் கருகாது? நாலு ஆம்பியருக்குச் செய்த பொட்டில் இரண்டு மடங்கு ஓடியிருக்கிறது. அந்த மலிவு மாட்யூல் ஐந்து வாரம் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம். நாலு சிலிண்டர் வண்டிக்குக் காயில் 3 ஓமுக்குக் குறையக்கூடாது என்று பெர்ட்ரானிக்ஸ் போன்ற பெயர் பெற்ற கம்பெனிகள் தங்கள் முதல் வகை மாட்யூலின் தாளிலேயே போட்டிருப்பார்கள். எனக்கு வந்த தாளில் அந்த வரி இல்லை, இருந்திருந்தாலும் நான் படித்திருப்பேனா என்பது வேறு கேள்வி.

இரண்டு வருடமாகப் பாயிண்ட் மேல் பழி போட்டிருக்கிறேன். அதைவிடக் கேவலம், காயிலை அளக்க ஒரு நிமிடம்கூட ஆகாது, என்னிடம் மீட்டர் இருக்கிறது, அளக்கத் தோன்றவில்லை. எம்ஜி, ட்ரையம்ஃப் வைத்திருக்கும் ஆங்கிலேயர்கள், அந்த வண்டிகளுக்கு மின்சாமான் செய்த லூக்காஸ் கம்பெனியை இருட்டின் இளவரசன் என்று கிண்டல் செய்வார்கள், நானும் அதைச் சொல்லிச் சிரித்தவன்தான். இப்போது சொல்லமாட்டேன். லூக்காஸ் போட்ட காயில் சரியானது, அதைக் கழற்றியவர்தான் இளவரசன்.

அங்கிள் அதோடு விடவில்லை. காயில் பாசிட்டிவ் முனையில் எஞ்சின் ஓடும்போது எத்தனை வோல்ட் என்று பார்த்தார், 11.2. பேட்டரியில் 13.9 இருக்கிறது. மீதி எங்கே போனது? இக்னிஷன் சாவியிலிருந்து காயிலுக்கு வரும் வெள்ளை வயரில் புல்லட் கனெக்டர் என்று சொல்லும் குழாய் இணைப்புகள் பச்சை பிடித்துக் கிடந்தன. கடலோரக் காற்று, ஜனவரி பிப்ரவரியில் சட்டை உலராத ஈரம், தாமிரம் வேறென்ன ஆகும். இரண்டு இணைப்பை வெட்டிப் புதிதாகப் போட்டதும் 13.5க்கு வந்தது. பிறகு டிஸ்ட்ரிபியூட்டருக்குள், பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டை உடம்போடு சேர்க்கும் பின்னல் எர்த் வயர். வேக்குவம் அட்வான்ஸ் (எஞ்சினின் உறிஞ்சலைக் கொண்டு பொறியை முன்கூட்டியே விழவைக்கும் ஏற்பாடு) தட்டை ஆட்டும்போதெல்லாம் இந்த வயர் வளையும், ஐம்பது வருடம் வளைந்து வளைந்து நாலைந்து இழைதான் மிச்சம். சூடானால் மிஸ் அடித்ததில் இதற்கும் பங்கு இருந்திருக்கலாம். கடைசியாக ரோட்டாரைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிக் காட்டினார். ஷாஃப்ட் ஆடியது, கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு. ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது. ஷாஃப்ட் ஆடினால் நாலு சிலிண்டருக்கும் பாயிண்ட் நாலு விதமாகத் திறக்கும், டைமிங் லைட் பிடித்தால் குறி ஒரே இடத்தில் நிற்காமல் நடனமாடும்.

இங்கேதான் எங்களுக்குள் தகராறு. நான் 123 வாங்கப்போகிறேன் என்றேன். அவர் சொன்னது: சரியான காயில் போடு, உன் பழைய லூக்காஸ் டிஸ்ட்ரிபியூட்டர் 25டி4க்குப் புதுப் புஷ் போட்டுத் தருகிறேன், நல்ல பாயிண்ட் ஒரு செட் வாங்கு, வருஷத்துக்கு ரெண்டு தடவை இடைவெளி பாரு, போதும். "நீ அந்த டச்சு சாமானுக்குக் கொடுக்கிற காசுல நான் ஒரு பக்கியே வாங்கியிருக்கேன்" என்றார். (பக்கி என்றால் இங்கே பிக்அப் வண்டி. எந்தக் காலத்தில் வாங்கினார் என்று நான் கேட்கவில்லை.)

அவர் சொன்னது தொழில்நுட்பமாக நூற்றுக்கு நூறு சரி. நான் ஏன் கேட்கவில்லை என்றால் அந்த "நல்ல பாயிண்ட்" என்பதுதான் இப்போது கிடைப்பதில்லை, அல்லது எது நல்லது என்று வாங்கும்போது தெரிவதில்லை. இன்று விற்கும் பாயிண்ட்டிலும் கண்டென்சரிலும் தரம் பெட்டிக்குப் பெட்டி மாறுகிறது. நான் வாங்கிய கண்டென்சர்களில் ஒன்று புதிதாக மாட்டிய அன்றே போனது. ரோட்டாரின் நடுவில் இருக்கும் ரிவெட் வழியாக மின்சாரம் ஷாஃப்ட்டுக்கு இறங்கி வண்டி நிற்பது பழைய பிரிட்டிஷ் கார் உலகமே அறிந்த தொல்லை, அதற்காகவே ரிவெட் இல்லாத சிவப்பு ரோட்டார் என்று தனியாகச் செய்து விற்கும் அளவுக்குப் போய்விட்டது. எழுபதுகளில் எந்த மூலைக்கடையில் கைவிட்டாலும் நல்ல பாகம் வந்த காலத்தின் அறிவுரையை அங்கிள் சொல்கிறார். அந்தக் கடையும் இல்லை, அந்தப் பாகமும் இல்லை. கெட்டுப்போகக்கூடிய சாமான்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், எனக்கு அவ்வளவுதான். பொறி பெரிதாக வேண்டும், பவர் கூட வேண்டும் என்பதெல்லாம் என் கணக்கில் இல்லை.

அப்படிப் பார்த்தால் வழி மூன்று. பழைய டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே உட்காரும் பெர்ட்ரானிக்ஸ் வகை, காந்தத்தை ஹால் சென்சார் உணரும். பிரிட்டனின் லூமெனிஷன் ஆப்ட்ரானிக், அகச்சிவப்புக் கதிரை ஒரு சுழலும் தட்டு வெட்டி வெட்டி விடும். இரண்டும் நல்ல பெயர் எடுத்தவை, விலையும் குறைவு. ஆனால் இரண்டும் உட்காரப்போவது என் ஆடும் ஷாஃப்ட் மேலேதான், அட்வான்ஸ் கொடுக்கப்போவது என் பழைய எடைக்கட்டையும் தளர்ந்த ஸ்பிரிங்கும்தான். பாயிண்ட் அளவுக்கு ஆட்டம் பாதிக்காது என்றாலும் பாதிக்காமல் போகாது. 123 என்பது முழு டிஸ்ட்ரிபியூட்டர், ஷாஃப்ட், புஷ், மூடி, ரோட்டார் எல்லாம் புதிது. அட்வான்ஸை எடையும் ஸ்பிரிங்கும் செய்யாமல் உள்ளே இருக்கும் மைக்ரோப்ராசஸர் கணக்குப் போடுகிறது. எந்த வேகத்தில் எவ்வளவு அட்வான்ஸ் என்று சொல்லும் 16 வளைவுகள் உள்ளேயே இருக்கின்றன, வெளியே ஒரு சிறு திருகு மூடியைக் கழற்றி, ஸ்குரூடிரைவரால் ஒரு சின்ன ஸ்விட்சைத் திருப்பி வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம். ப்ளூடூத்தில் போனிலிருந்தே வளைவை வரையும் ட்யூன் வகையும் உண்டு. அது எனக்கு வேண்டாம். கையில் இருந்தால் ராத்திரி பகலாக நோண்டிக்கொண்டே இருப்பேன்.

மாட்டுவது நான் பயந்ததில் கால்வாசி. நாலு பிளக்கையும் கழற்றிவிட்டு, நாலாவது கியரில் போட்டு வண்டியை முன்னால் தள்ளினால் எஞ்சின் சுற்றும், முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில் இருக்கும்போது புல்லியின் குறியைக் கையேடு சொல்லும் டிகிரிக்குக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். பழையதைக் கழற்றுவதற்கு முன் ரோட்டார் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று போனில் ஒரு படம். டிஸ்ட்ரிபியூட்டரின் அடியில் இருக்கும் கட்டை மையம் விலகிய வெட்டு, ஒரே ஒரு விதமாகத்தான் உட்காரும், தலைகீழாக மாட்டிவிடுவோமோ என்ற பயமே வேண்டாம். சிவப்பு வயர் காயில் பாசிட்டிவ், கறுப்பு நெகடிவ். சாவியைப் போட்டு, ரோட்டாரைச் சுற்றும் திசைக்கு எதிராக லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, உடம்பை மெதுவாகத் திருப்ப வேண்டும், உள்ளே ஒரு பச்சை விளக்கு எரியும் இடத்தில் நிறுத்தி இறுக்கினால் முடிந்தது. பட்டப்பகலில் அந்த விளக்கு தெரியாது. நான் தலைமேல் துண்டைப் போட்டுக்கொண்டு பானெட்டுக்குள் குனிந்திருந்தேன், பக்கத்து வீட்டு ஆண்டி ஆவி பிடிக்கிறேனா என்று கேட்டுவிட்டுப் போனார். வயர்களை மூடியில் சொருகும்போது 1-3-4-2, சுற்று இடமிருந்து வலமல்ல, கடிகாரத்துக்கு எதிர்த்திசை. அதில் நான் ஒரு தடவை தப்பு செய்தேன், கார்புரேட்டர் வழியாக ஒரு வெடி, தெருநாய் ஓட்டம், பிறகு சரியானது.

வளைவைத் தேர்ந்தெடுப்பதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும், செலவழித்தால் பலன் உண்டு. கையேட்டில் என் எஞ்சினுக்குப் பழைய டிஸ்ட்ரிபியூட்டரை ஒத்த வளைவு எது என்று இருக்கிறது, அதில் ஆரம்பித்தேன். அதே ஃபீல்ட்ஸ் ஹில்தான் பரிசோதனைக்கூடம், மூன்றாவது கியரில் முழுதாக மிதித்து ஏற வேண்டும், நாக் (பெட்ரோல் தப்பான நேரத்தில் வெடிக்கும் தட்டல் சத்தம்) அடிக்கிறதா என்று காதைத் தீட்டிக் கேட்க வேண்டும். 95 ஆக்டேனில் அடிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் முன்தள்ளிய வளைவைப் போட்டேன், மேட்டின் பாதியில் டப்பாவில் கூழாங்கல் குலுக்கிய சத்தம் லேசாகக் கேட்டது, உடனே பழையதற்குத் திரும்பிவிட்டேன். ஜோஹன்னஸ்பர்க்காரர்கள் என் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் கடல் மட்டத்திலிருந்து 1700 மீட்டருக்கு மேலே இருக்கிறீர்கள், காற்று மெலிசு, அங்கே எஞ்சின் இன்னும் கொஞ்சம் அட்வான்ஸ் தாங்கும். ஆனால் என்3 நெடுஞ்சாலையில் இறங்கி டர்பனுக்கு வரும்போது அதே வளைவு மேட்டில் சத்தம் போடலாம்.

ஓட்டத்தில் என்ன வித்தியாசம் என்றால், ஐடில். முன்பு ரோபோவில் நிற்கும்போது வலது காலால் ஆக்ஸிலரேட்டரைத் தடவிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், இப்போது காலை எடுத்துவிட்டு ரேடியோவைத் திருகலாம். டைமிங் லைட்டில் குறி அசையாமல் நிற்கிறது. மழைநாள் காலையில் சோக்கை இழுத்து செல்ஃப் அடித்தால் இரண்டாவது சுற்றில் பிடிக்கிறது. வேகம் கூடியதா என்றால் இல்லை. பெட்ரோல் மிச்சமா என்றால் என்னால் அளக்க முடிகிற அளவுக்கு இல்லை. சரியாக வைத்த நல்ல பாயிண்ட்டும் இதே வேகம்தான் போகும். யாராவது இதைப் போட்டு வண்டி பறக்கிறது என்று சொன்னால், அவர் வண்டியில் முன்பு டைமிங் எவ்வளவு கெட்டிருந்தது என்பதைத்தான் சொல்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது, சாவியைப் போட்டபடி எஞ்சின் ஓடாமல் விட்டால் ஒரு வினாடியில் காயிலுக்கு மின்சாரத்தைத் தானே நிறுத்திவிடுகிறது. பாயிண்ட்டிலோ எளிய மாட்யூல்களிலோ அப்படி விட்டால் காயில் கொதிக்கும், சிலதில் மாட்யூலே கருகும். நான் கராஜில் உட்கார்ந்து பழைய பாட்டு கேட்கும் ஆள், இது எனக்கு வேண்டிய குணம்.

வாங்குவதென்றால் சில விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். 1967க்கு முந்தைய எம்ஜிபி பெரும்பாலும் பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டி உடம்போடு சேர்ந்தது), அதில் நெகடிவ் எர்த் சாமானை மாட்டினால் எட்டாயிரம் ராண்டு ஒரே நொடியில் புகை. அசல் தாமிர இழை பிளக் வயரை மாற்றிவிடுங்கள், அது கிளப்பும் இரைச்சல் எலக்ட்ரானிக்ஸைக் குழப்பும், தடையுள்ள வயர் வேண்டும். அந்தக் காலத்து டேக்கோமீட்டர் சிலது வெள்ளை வயரில் ஓடும் மின்சாரத்தை உணர்ந்து முள்ளை ஆட்டுபவை, எலக்ட்ரானிக் போட்டால் சில வண்டிகளில் முள் குதிக்கும், என்னுடையது குதிக்கவில்லை. மூடியும் ரோட்டாரும் டர்பனில் எந்தக் கடையிலும் கிடைக்காது, ஆர்டர் செய்யும்போதே இன்னொரு ஜோடி சேர்த்து வாங்கிவிட்டேன், இரண்டாவது கூரியர் செலவு மிச்சம்.

காயில் விஷயத்தில் ஒன்று மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். 123க்குக் காயில் 1 ஓமுக்கு மேல் இருந்தால் போதும், அந்தப் பளபளப்பு 1.4 ஓம் காயிலையே வைத்து ஓட்டியிருக்கலாம், இதற்கு ஒன்றும் ஆகாது. நான் அதைக் கழற்றிவிட்டு 3 ஓம் காயில்தான் போட்டேன். காரணம், எலக்ட்ரானிக்ஸ் என்றைக்காவது ஒருநாள் போகும், போகும்போது சொல்லிக்கொள்ளாமல் போகும், அன்றைக்கு ரோட்டோரத்தில் பழைய பாயிண்ட் டிஸ்ட்ரிபியூட்டரை அப்படியே சொருகி வீட்டுக்கு வர வேண்டும். 3 ஓம் காயில் இரண்டுக்கும் பொருந்தும்.

அங்கிள் சொன்னபடியே 25டி4க்குப் புதுப் புஷ் போட்டுக் கொடுத்தார், எர்த் பின்னலும் புதிது, காசு வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்ததால் ஒரு பாட்டில் நல்ல பிராந்தி கொடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதை வண்டியில் மாட்டி, டைமிங் வைத்து, உடம்பிலும் எஞ்சினிலும் ஒரே கோடாக வெள்ளைப் பெயிண்ட் குறி போட்டுவிட்டு மறுபடி 123ஐ மாட்டினேன். குறிக்குக் குறி வைத்து இறுக்கினால் போதும், எனக்குப் பதினான்கு நிமிடம் ஆனது. அங்கிள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கடிகாரம் பார்த்தார், தான் போட்டால் எட்டு நிமிடம் என்றார். பழையது இப்போது டிக்கியில் ஸ்பேனர் பைக்குப் பக்கத்தில் கிடக்கிறது, அந்தக் காவடியன்று கட்டிய வேட்டியைக் கிழித்துச் சுற்றி வைத்திருக்கிறேன்.